பஞ்சா, பாசியா? பழங்கடல் சுண்ணாம்புக்கல்லில் ஒரு அடையாளச் சிக்கல்

2021 ஜூலையில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஒரே ஒருவர்: கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவியியலாளர் எலிசபெத் டர்னர். வடமேற்கு கனடாவின் மெக்கென்சி மலைகளில் 'லிட்டில் டால்' என்று ஒரு பாறைத்தொகுதி இருக்கிறது. சுமார் 89 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்கள் கட்டிய பெரிய திட்டுகள் அங்கே சுண்ணாம்புக்கல்லாக உறைந்து நிற்கின்றன. அந்தக் கல்லின் மெல்லிய சீவல்களில் புழு நெளிந்தது மாதிரியான நுண்குழாய் வலை ஒன்றைக் காட்டி, இது கடற்பஞ்சின் உடலாக இருக்கலாம் என்றார் டர்னர்.

'இருக்கலாம்' என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. செய்திகளில் வரும்போது அது காணாமல் போய், 'உலகின் மிகப் பழைய விலங்கு' ஆகிவிட்டது. அது வழக்கமா நடக்கிறதுதான்.

எதற்கு இவ்வளவு பரபரப்பு? கடற்பஞ்சு ஒரு விலங்கு. மூளை கிடையாது, வயிறு கிடையாது, இடம் விட்டு நகராது, ஆனாலும் விலங்குதான். சந்தேகமில்லாத விலங்குப் புதைபடிவங்கள் சுமார் 57 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் கிடைக்கத் தொடங்குகின்றன. பஞ்சுகளுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உடல் ஆதாரம் கேம்ப்ரியன் காலத்தை ஒட்டித்தான், அதாவது ஏறக்குறைய 54 கோடி. டர்னர் சொல்வது சரி என்றால் அதற்கும் 35 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். பூமி முழுக்கப் பனி மூடிய காலங்கள் இரண்டும் அதற்கப்புறம்தான் வருகின்றன. காற்றில் ஆக்சிஜன் கணிசமாக உயர்ந்தது என்று கருதப்படும் காலமும் அதற்கப்புறம்தான். ஆக, ஒரு கல்சீவலில் தெரியும் 20, 30 மைக்ரான் அகலக் குழாய் யாருடையது என்ற கேள்வி, விலங்கு என்பதே எப்போது வந்தது என்ற கேள்வியாக மாறுகிறது.

இந்தப் பதிவில் நான் பார்க்கப் போவது அந்தக் குழாயைத்தான். அதை வைத்து 'பஞ்சு' என்று எப்படிச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது என்பதை மட்டும்.

முதலில் பாசிப் பக்கம்

பாசி என்பது ஒரு வசதிக்கான சொல். பெரும்பாலும் நாம் பேசுவது சயனோபாக்டீரியா உள்ளிட்ட நுண்ணுயிர்ப் படலங்களைப் பற்றி. இவை கடலடியில் வழவழப்பாகப் பரவி, மேலே விழும் வண்டலைப் பிடித்து வைக்கும். தங்களைச் சுற்றி சுண்ணாம்பையும் படிய வைக்கும். ஒரு படலம் மூடியதும் அதன் மேல் அடுத்த படலம். இப்படிப் படை படையாக வளர்ந்த கல்லுக்கு ஸ்ட்ரோமடோலைட் என்று பெயர். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி 1908-இல் வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் உயிரோடு வளர்கின்றன.

படை இல்லாமல் கட்டி கட்டியாக உறைந்த வகையும் உண்டு. அதை 1967-இல் ஜேம்ஸ் எய்ட்கன் த்ராம்போலைட் என்றார். இரத்தக்கட்டிக்கு டாக்டர்கள் சொல்லும் 'த்ராம்பஸ்' என்ற அதே சொல்தான். மைக்ரோஸ்கோப்பில் இது பூந்தி லட்டை வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். கருப்பு உருண்டைகள், அவற்றுக்கு நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் பின்னால் தெளிவான கால்சைட் படிகம் வந்து நிரம்பியிருக்கும். கருப்பாகத் தெரிவது மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு. அதை மைக்ரைட் என்பார்கள். பளிச்சென்று ஒளி ஊடுருவுவது ஸ்பார். இந்த இரண்டு சொல்லை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மீதி எல்லாம் இந்தக் கருப்பும் வெள்ளையும் ஆடுகிற ஆட்டம்தான்.

நுண்ணுயிரே குழாயாகப் பதிவதும் உண்டு. ஸ்காட்லாந்தின் கெர்வன் ஊர்ப் பெயரால் 1878-இல் பெயரிடப்பட்ட கெர்வனெல்லா அதற்கு நல்ல உதாரணம். சுருண்டு கிடக்கும் இடியாப்ப இழைகள் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ஒரு தெளிவான அடையாளம்: குழாய்க்கு மைக்ரைட்டால் ஆன கருப்புச் சுவர் இருக்கும், உள்ளே வெள்ளை. டர்னர் காட்டும் குழாய்களுக்குத் தனிச் சுவர் கிடையாது. கருப்பு மைக்ரைட்டுக்குள் தோண்டியது போல வெள்ளைக் குழாய்கள், அவை கிளை பிரிந்து மறுபடி ஒன்றோடொன்று சேர்கின்றன. கெர்வனெல்லா இழைகள் அப்படிப் பிரிந்து சேர்ந்து வலையாவதில்லை. எனவே கெர்வனெல்லாவை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

இப்போது பஞ்சுப் பக்கம்

எல்லாப் பஞ்சுகளும் இப்படிக் குழப்புவதில்லை. பெரும்பாலான பஞ்சுகளின் உடலில் நுண்முட்கள் இருக்கும், சிலிக்காவாலோ சுண்ணாம்பாலோ ஆனவை. ஊசி மாதிரி, சிலுவை மாதிரி, நான்கு கால் நட்சத்திரம் மாதிரி. சிலிக்கா கரைந்துபோய் அந்த அச்சில் கால்சைட் நிரம்பியிருந்தாலும் வடிவம் தெரியும். ஆறு கை முள் ஒன்று நேராக வெட்டப்பட்டு சிலுவையாகத் தெரிந்தால் பேச்சே இல்லை, அது பஞ்சுதான். கேம்ப்ரியன் தொடக்கத்தில் திட்டுகள் கட்டிய ஆர்க்கியோசயாத் என்ற இனத்துக்கு முள் இல்லை என்றாலும், இரட்டைச் சுவர்க் கிண்ணம், சுவர் முழுக்க ஓட்டை என்று தனி உருவம் இருந்தது. அதையே பஞ்சு என்று ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆனது என்பது வேறு கதை.

சிக்கல் வருவது குளியல் பஞ்சு வகையில். இவற்றுக்கு முள்ளே கிடையாது. ஸ்பாஞ்சின் என்ற புரதநார்தான் எலும்புக்கூடு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள், குளிக்க உடம்பு தேய்க்கிறோமே அது. அதே அமைப்பு, ஆனால் நார் ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது. புரதம் மட்கிப்போகும். பிறகு கல்லில் என்ன மிஞ்சும்?

சொல்லப்படும் விளக்கம் இது. பஞ்சு இறந்ததும் முதலில் அழுகுவது சதை. அழுகும்போது நடக்கும் வேதிமாற்றத்தால் அந்தச் சதை இருந்த இடத்திலேயே சுண்ணாம்பு மைக்ரைட்டாக உறைகிறது. நார் கொஞ்சம் முரடு. அது தாமதமாகத்தான் மட்கும். அது மட்கும் நேரத்தில் சுற்றியிருக்கும் சதை கல்லாகிவிட்டது. எனவே நார் இருந்த இடம் வெறும் குழாயாக நிற்கிறது. பிறகு நீரில் கரைந்து வரும் கால்சைட் அந்தக் குழாயை நிரப்புகிறது. பீர்க்கங்கூட்டின் மேல் சிமெண்ட்டைக் குழைத்து ஊற்றி, இறுகியபின் நாரை மட்கவிட்டு, அந்த ஓட்டையில் மெழுகை ஊற்றினால் என்ன கிடைக்குமோ அது.

இது கற்பனை இல்லை. அழுகும் பஞ்சின் உடலுக்குள் மைக்ரைட் உருவாவதை ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுப் பவளத்திட்டுகளில் யோவாகிம் ரைட்னர் 1990-களில் விளக்கியிருக்கிறார். 2014-இல் சூய் லுவோவும் ரைட்னரும் சேர்ந்து, பழங்கல்லில் உள்ள இந்த நார்வலையைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு மட்டத்திலும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கி முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டினார்கள். அதற்கு முன்பு வரை தட்டைப் படத்தை வைத்தே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் பண்ணிடலாமே என்று தோன்றும். கருப்பு மைக்ரைட்டும் கால்சைட், வெள்ளை ஸ்பாரும் கால்சைட். எக்ஸ்ரேக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் அம்மி அரைக்கிற மாதிரி தேய்க்க வேண்டியிருக்கிறது.

வடிவம் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. லட்டு, பீர்க்கங்கூடு, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

முதல் விதி எளிது. உருண்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வெட்டினால், பக்கங்கள் உள்ளே குழிந்த முக்கோணம் தெரியும். மூன்று நாணயங்களை ஒட்டி வைத்து நடுவில் பாருங்கள், அந்த வடிவம். குழாயை வெட்டினால் வட்டமோ நீள்வட்டமோதான் வரும். வெட்டுக்கு இணையாக ஓடும் குழாய் மட்டும்தான் நீளமாகத் தெரியும். எனவே வெள்ளைத் துண்டுகள் குழிந்த முக்கோணங்களா, வட்டங்களும் சீரான அகலமுள்ள புழுக்களுமா என்று பார்க்க வேண்டும்.

'வலையாகத் தொடர்ந்து இணைந்திருக்கிறதே, அப்போ நார்தானே' என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். இது போதாது. லட்டில் பூந்திகளுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளியும் முப்பரிமாணத்தில் ஒரே தொடர்வலைதான். மேலே எண்ணெய் ஊற்றினால் கீழே வரை இறங்கும். இணைப்பு இருப்பது இரண்டுக்கும் பொது.

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு சின்டரிங் பாடம் நினைவிருக்கலாம். உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அந்த இடைக்கட்டத்தில், மணிகளுக்கு நடுவே இருந்த முக்கோண இடைவெளிகள் மூலை மழுங்கி உருளைக் குழாய்களாக மாறும். மூன்று மணிகள் சந்திக்கும் விளிம்புகளில் ஓடும் குழாய்வலை. கடலடியில் உலை இல்லைதான். ஆனால் மைக்ரைட் கட்டிகள் மென்மையாக இருக்கும்போதே அமுங்கி ஒட்டிக்கொண்டாலும், அவற்றின் மேல் இன்னொரு பூச்சு ஏறினாலும், வடிவியல் அதே திசையில்தான் போகும். முதல் விதி இந்த இடத்தில் பல்லிழந்துவிடுகிறது.

மிஞ்சுவது அகலத்தின் சீர்மை. இடைவெளி வலையில் சந்திப்புகள் அகன்றும் வழிகள் குறுகியும் இருக்கும். ஒரே பஞ்சின் நார்கள் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும். டர்னர் தன் குழாய்களின் அகலம் சீராக இருப்பதையும், அவை பலகோண வலையாக அமைவதையும் முக்கிய ஆதாரமாக வைப்பது இதனால்தான். ஆனால் அளப்பதில் ஒரு சங்கடம். கல்சீவலின் வழக்கமான தடிமன் 30 மைக்ரான். குழாயின் அகலமும் அதே 20, 30 மைக்ரான். அதாவது நாம் பார்ப்பது ஒரு தளத்தை அல்ல, குழாயளவு ஆழமுள்ள ஒரு பலகையை. ஒரு குழாயின் மேலோ கீழோ கருப்பு மைக்ரைட் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் விளிம்பு மங்கும், அகலம் மாறித் தெரியும். இமேஜ் பிராசஸிங் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய தலைவலி: தேடும் பொருளும் கருவியின் நுணுக்க எல்லையும் ஒரே அளவில் இருந்தால், த்ரெஷோல்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே கிளை முளைக்கும், கிளை மறையும். இன்னும் மெல்லிய சீவலோ, மெருகேற்றிய தளத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதோ தேவைப்படுகிறது.

வடிவத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. இந்த வலைக்கு ஒரு எல்லை இருக்கிறதா? விலங்கு என்றால் உடல் ஒரு இடத்தில் முடிய வேண்டும். நீர் வெளியேறும் வாய், உள்ளே ஓடும் கால்வாய் ஏதாவது தெரிகிறதா? வலைக்கு நடுவே உள்ள மைக்ரைட் ஒரே சீராக இருக்கிறதா, இல்லை மணல்துகளும் ஓட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கிறதா? துகள் கலந்திருந்தால் அது சதை இருந்த இடம் என்று சொல்வது கஷ்டம். ஃப்ரிட்ஸ் நாய்வைலர், ஸ்டீஃபன் கெர்ஷா முதலானோர் சேர்ந்து எழுதிய விரிவான மறுப்பின் சாரம் இங்கேதான் இருக்கிறது: பழங்கல்லில் 'குளியல் பஞ்சு வகை' என்று சொல்லப்பட்ட பலவற்றுக்கு உடல் எல்லையும் கால்வாயும் காட்டப்படவில்லை, நெளிகுழாய் அமைப்பு மட்டுமே காட்டப்பட்டிருக்கிறது, அது வேறு வழிகளிலும் வரலாம். கெர்ஷா தென் சீனாவின் சிலூரியன் திட்டுகளை வைத்து 2021-இல் எழுதிய கட்டுரையும் தலைப்பிலேயே 'பஞ்சுகளா, மைக்ரைட் கட்டிகளா' என்றுதான் கேட்டது.

டர்னர் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் வடிவத்தை மட்டும் நம்பவில்லை. இந்த வலை லிட்டில் டால் திட்டுகளில் கண்ட இடத்தில் எல்லாம் வருவதில்லை. திட்டைக் கட்டிய நுண்ணுயிர்கள் வளராத மூலைகளில், பள்ளங்களில், உள் பொந்துகளில், சரிவின் சிதிலங்களுக்கு நடுவில் வருகிறது. ஒளி குறைந்த இடங்களிலும் பிழைக்கும், ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யும் அண்டைவீட்டுக்காரர் விடும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் ஓர் உயிருக்கு இது பொருத்தமான முகவரி. இன்றைய பஞ்சு ஒன்று இப்போதைய அளவின் 0.5 முதல் 4 சதவீத ஆக்சிஜனிலேயே தாக்குப்பிடித்ததை 2014-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனவே 'அப்போ ஆக்சிஜனே இல்லையே' என்பது மட்டும் தள்ளுபடிக்குக் காரணமாகாது. என் கணிப்பில் டர்னரின் வாதத்தில் பலமான கால் இந்த இடத்தேர்வுதான், குழாய் வடிவம் அல்ல. ஆனாலும் 35 கோடி ஆண்டு இடைவெளியைத் தாங்க அந்த ஒரு கால் போதாது.

நடு வழியில் வேறு சாட்சிகள் இருக்கிறதா என்றால், ஓமன் நாட்டுப் பாறைகளில் 63.5 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, பஞ்சுகளோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு ஸ்டீராய்டு எச்சம் கிடைத்ததாக 2009-இல் சொன்னார்கள். அந்த மூலக்கூறு பாசிகளின் எச்சத்திலிருந்தும் மண்ணுக்குள் உருவாகலாம் என்று 2020 வாக்கில் வேறு குழுக்கள் காட்டின. அங்கேயும் அதே பஞ்சா பாசியா கதைதான்.

ஒளிந்திருக்கும் விலங்கு

இந்தச் சர்ச்சை பின்னோக்கி மட்டும் போவதில்லை, ஏற்கெனவே முடிந்த வழக்குகளையும் திறக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் லெஸ்டர் பார்க் என்ற இடம். சுமார் 49 கோடி ஆண்டுப் பழைய கேம்ப்ரியன் சுண்ணாம்புத் தரை. பனியாறு மேலே உராய்ந்து போனதால் தரை முழுக்க முட்டைக்கோஸைக் குறுக்கே நறுக்கி அடுக்கிய மாதிரி வளைய வளையமாகத் தெரியும். 1880-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹால் இதற்கு கிரிப்டோசோவான் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'ஒளிந்திருக்கும் விலங்கு' என்று பொருள். பிறகு வந்தவர்கள், குறிப்பாக வினிஃப்ரெட் கோல்ட்ரிங், இது பாசி வேலை என்றார்கள். பாடப்புத்தகங்களில் ஸ்ட்ரோமடோலைட்டுக்கு உதாரணம் என்றால் முதலில் வருவது இதுதான் என்ற நிலை வந்தது.

2021-இல் ஜியோங்-ஹியூன் லீயும் ராபர்ட் ரைடிங்கும் அதே கிரிப்டோசோவான் கல்லைச் சீவிப் பார்த்து, அதன் படைகளில் ஒரு பங்குதான் நுண்ணுயிர், மறுபங்கு நெளிகுழாய் வலை கொண்ட முள்ளில்லாப் பஞ்சு என்றார்கள். பஞ்சு ஒரு படை, பாசி ஒரு படை என்று கூட்டுக்குடித்தனம். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஹால் வைத்த பெயர் பாதி சரியாகிவிட்டது! கேம்ப்ரியன் என்பதால் பஞ்சு இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனவே இந்தக் கூற்று லிட்டில் டால் கூற்றை விட எனக்கு எளிதாகத் தொண்டையில் இறங்குகிறது. ஆனால் கவனியுங்கள், சீவலில் உள்ள ஆதாரம் இரண்டிலும் ஒரே வகைதான். மாறுவது நம் எதிர்பார்ப்பு மட்டுமே. நாய்வைலர் குழுவின் ஆட்சேபமும் இரண்டையும் ஒன்றுபோலவே தொடுகிறது.

இதில் லீ, ரைடிங் இருவரும் செய்த ஒரு காரியம் எனக்கு உறுத்துகிறது. இப்படிப்பட்ட கல்லுக்கு 'கெரடோலைட்' என்று பெயரிட்டார்கள். கெரடோஸ் என்பது முள்ளில்லாப் பஞ்சு வகையின் பெயர். அதாவது தீர்ப்பையே பெயரில் வைத்தாயிற்று. புரோகிராம் எழுதும்போது வேரியபிளுக்கு 'பயனர்_மோசடிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டு அப்புறம் விசாரணை நடத்துவது மாதிரி. 'நெளிகுழாய் அமைப்பு' என்ற வெறும் வர்ணனைச் சொல் டர்னரின் கட்டுரையிலேயே இருக்கிறது. அளவு, அகலச் சீர்மை, எல்லை உண்டா இல்லையா என்று அந்தப் பெயரின் கீழ் பதிந்துவைத்தால், நாளை யார் ஜெயித்தாலும் தரவு செல்லும்.

பெயர் சும்மா விஷயமில்லை என்பதற்குப் பெர்மியன் முடிவு ஒரு உதாரணம். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு உடனடி மேலே, ஆர்மீனியா, ஈரான், துருக்கி, தென் சீனா என்று பல இடங்களில் ஸ்ட்ரோமடோலைட்டும் த்ராம்போலைட்டும் திடீரென்று தலைகாட்டுகின்றன. விலங்குகள் ஒழிந்த கடலில் நுண்ணுயிர்கள் ஆண்ட காலம் என்று இதைப் பல வருஷமாகப் படித்துவந்தோம். 2018-இல் தெற்கு ஆர்மீனியாவின் சனாக்சி என்ற இடத்துப் பாறைகளை ஆராய்ந்த குழு, அந்தத் திட்டுகளில் முள்ளில்லாப் பஞ்சின் வலை நிறைய இருக்கிறது என்றது. அது சரியென்றால் பேரழிவு முடிந்த கையோடு ஒரு விலங்கு திட்டு கட்டத் தொடங்கிவிட்டது, கடலடியில் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் இருந்தது. தவறென்றால் பழைய கதைப்படி வெறும் பாசிதான். இரண்டு கதைக்கும் நடுவே நிற்பது, ஆர்மீனியச் சீவல்களில் உள்ள அந்த வெள்ளைப் புழுக்கள் சந்திப்புகளில் அகன்று நடுவில் குறுகுகின்றனவா, இல்லை முழுக்க ஒரே அகலத்தில் ஓடுகின்றனவா என்ற அளவைதான்.